தானாக அடித்த ஹாரன்

என் கார் முதன்முதலாகத் தானே ஹாரன் அடித்தது கே.கே. நகரில் எங்கள் தெருமுனை வேகத்தடையில். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. ஹாரன் பொத்தான் பக்கம் விரல்கூடப் போகவில்லை. வண்டி ஏறி இறங்கியது, ‘பாஆஆம்’ என்று ஒரு அலறல். முன்னால் சைக்கிளில் போன பால்காரர் திரும்பி முறைத்தார். “நான் அடிக்கலங்க, வண்டிதேன்” என்றேன். அவர் நம்பினால்தானே!

பதினெட்டு வருடத்துக் கார் அது. என் வீட்டுக்காரர் கட்டட சூப்பர்வைசராக இருந்த காலத்தில் வாங்கினார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சும்மா நிற்கிறதே, நான் கற்றுக்கொள்கிறேன் என்று நாற்பத்தொன்பதாவது வயதில் சொன்னேன். வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கற்றுக்கொண்டேன். மிஷன் பள்ளி ஆபீசில் கிளார்க் வேலை எனக்கு. இருபது வருடம் பஸ்ஸில் நசுங்கிப் போய்வந்தவள், கண்ணாடியை இறக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். அந்த இருபது நிமிடம்தான் ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருந்த நேரம். ஆனால் ஆர்சி புத்தகம் அவர் பெயரில். வீட்டுக்கு யார் வந்தாலும் “என் வண்டி நிக்குது பாருங்க” என்றுதான் காட்டுவார்.

அந்த ஹாரன் என் மானத்தை வாங்கியது. பள்ளத்தில் இறங்கினால் அடிக்கும். சடக்கென்று பிரேக் போட்டால் அடிக்கும். ஒருநாள் முன்னால் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகப் பின்னால் வந்தவள் பிரேக்கைத் தொட்டேன், பாஆஆம்! மொத்தக் கூட்டமும் திரும்பியது. மாலையோடு நடந்த பெரியவர் ஒருவர் கண்ணாடிப் பக்கம் வந்து, “ஏம்மா, பொணம் எந்திரிச்சு ஒனக்கு வழிவிடணுமாக்கும்?” என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

மூன்று தடவை எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். ஸ்டியரிங் பொத்தானை மாற்றினார். ரிலேயை மாற்றினார். ஹாரனையே புதிதாகப் போட்டார். ஷெட்டில் வைத்து எவ்வளவு குலுக்கினாலும் வண்டி கப்சிப். வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கினால் பழைய பாட்டு. மூன்றாவது முறை பொத்தானுக்குப் போகும் வயரையே கழற்றிவிட்டு அனுப்பினார். அப்போதும் அடித்தது! “வயரிங் பூராவும் போச்சுக்கா, அம்புட்டையும் பிரிச்சு மாத்தணும்” என்று கையை விரித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

என் வீட்டுக்காரருக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. “எல்லாம் கண்ணு. பொம்பள கார் ஓட்டிட்டுப் போறாளேன்னு தெருவே பாக்குதுல்ல.” வண்டியின் முன்பக்கம் அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவது அவர் பொறுப்பு. முன்பெல்லாம் நூலில் கட்டுவார். ஒருமுறை நூல் அறுந்து பழம் நடுரோட்டில் விழுந்துவிட, அதுவே அபசகுனம் என்று கட்டுக்கம்பிக்கு மாறியிருந்தார். ஹாரன் தொல்லை கூடக்கூட பழத்தின் அளவும் கூடியது.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

“கொட்டாம்பட்டியில தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வண்டி கேட்டாரு. ஞாயித்துக்கிழமை வாராரு. கொடுத்துருவோம்.”

“என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேக்க என்ன இருக்கு? என் பேர்லதான இருக்கு?”

“மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவீங்களா?”

“பழையபடி பஸ்ஸுல போ. ஊரு உலகம் போகல?”

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் கண்ணீரும் சேர்ந்து வந்தது. கார் போவதுகூடப் பெரிதில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையே, அதுதான் நெஞ்சை அறுத்தது. ஞாயிறு காலைக்குள் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் நான் இருபது வருடம் ஆபீசில் ஃபைல் தேடியதற்கு அர்த்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீசில் ஒரு ஃபைல் காணாமல் போனால் அலமாரி முழுவதையும் கலைக்கக் கூடாது. கடைசியாக யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அன்று படுத்துக்கொண்டு அப்படித்தான் கேட்டேன். பொத்தான் வயர் இல்லாமலே அடிக்கிறது என்றால் ஸ்டியரிங் மேல் குற்றமில்லை. ஷெட்டில் அடிக்காதது ரோட்டில் அடிக்கிறது என்றால், ரோட்டில் இருக்கிற ஏதோ ஒன்று ஷெட்டில் இல்லை. அது என்ன?

சனிக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன். இத்தனை தடவையும் வண்டியை விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடியிருந்தேன். அன்றைக்கு லீவு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

“நீங்க போயிட்டு வாங்கக்கா.”

“நான் போகல. நீங்க எப்பவும் செய்யிற மாதிரியே செய்யுங்க, நான் பாக்கேன்.”

எலக்ட்ரீஷியன் செருப்பைக் கழற்றினார். வண்டியின் முன்னால் குனிந்தார். எலுமிச்சம்பழக் கம்பியை முறுக்கு அவிழ்த்து எடுத்து, கண்ணில் ஒற்றி, பக்கத்து ஆணியில் பயபக்தியோடு மாட்டினார். அதன் பிறகுதான் பானெட்டைத் திறந்தார்.

“அத ஏண்ணே கழட்டுனீங்க?”

“சாமி சமாச்சாரம்க்கா. கால் கை படக் கூடாதுல்ல? வேல முடிஞ்சதும் திரும்ப மாட்டிருவேன்.”

“மூணு தடவையும் கழட்டுனீங்களா?”

“பின்ன?”

ஸ்டூலை விட்டு எழுந்தேன். “அத மாட்டிட்டு வண்டிய ஆட்டுங்க” என்றேன். தயங்கினார். “பாவம் வந்தா எனக்கு வரட்டும், மாட்டுங்க!” பழம் பழைய இடத்தில் தொங்கியது. பம்பரைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

பாஆஆம்!

பக்கத்து டீக்கடையில் ஒருவர் கையில் இருந்த டீயைச் சிந்தினார். நான் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹாரனில் இரண்டு முனைகள். ஒன்றில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும். மற்றது பொத்தானுக்குப் போவது, அது வண்டியின் உடம்பைத் தொட்டால் ஹாரன் அடிக்கும். அந்த முனையில் மாட்டும் வயரின் ரப்பர் உறை எப்போதோ விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் கம்பியை பம்பர் இரும்பில் சுற்றி, மிச்சத்தை வெட்டாமல் உள்ளே வளைத்து விட்டிருந்தார். வெளியே பழம் ஆடும்போதெல்லாம் உள்ளே கம்பியின் வால் அந்த முனையைத் தொட்டது. பழம் பெரிதாகப் பெரிதாக ஆட்டமும் பெரிதானது. கண்ணேறு கழிக்கக் கட்டியதுதான் மூன்று மாதமாக என்னைப் படுத்திய பேய்!

“ஆத்தாடி! எனக்குத் தோணலையேக்கா” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

முனைக்குப் புது ரப்பர் போட்டு, கழற்றியிருந்த பொத்தான் வயரைத் திரும்ப மாட்டி, பழத்தை நூலில் கட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனேனா? இல்லை. அலங்காநல்லூர் ரோட்டைப் பிடித்தேன். ஒரு வேகத்தடையைக்கூட விடவில்லை, பள்ளம் தெரிந்தால் தேடிப் போய் இறங்கினேன். ஒரு முனகல் இல்லை. இரண்டு பக்கமும் நெல் வயல், ரோடு எனக்கு, வண்டி எனக்கு. வாய்விட்டுக் கத்தினேன். வேண்டுமென்றே நானாக ஒருமுறை ஹாரன் அடித்தேன், சும்மா!

வீட்டில் கம்பியை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பி நல்ல கம்பிதேன்” என்றார். அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஞாயிறு பத்து மணிக்குக் கொட்டாம்பட்டிக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடினார், ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். அவருக்குப் பிடித்துவிட்டது. கோளாறு இல்லாத வண்டியை விற்பது இன்னும் சுலபம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“வெல என்ன சொல்றீங்க? ரெண்டு பேருக்கும் தோதா பேசி முடிச்சுருவோம்ணே” என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

“எங்கிட்ட ஏன் கேக்கீங்க? வண்டி அவளோடது. அவகிட்ட கேளுங்க.”

இருபத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் கலங்கவில்லை.

“கொடுக்கிறதா இல்லண்ணே” என்றேன். “உக்காருங்க, காப்பி போடுறேன். குடிச்சிட்டு வாங்க, பஸ் ஸ்டாண்டுல நானே எறக்கி விடுதேன்.”