பிளக்கைப் பிடுங்கும் மௌலி

கோயம்புத்தூரிலிருந்து பூனாவுக்கு வந்த சந்திரமௌலி யார் சொல்வதையும் சட்டென்று நம்பிவிட மாட்டார். சிஞ்ச்வட் வீட்டில் மனைவி ஸ்ரீவித்யா கேஸை அணைத்துவிட்டேன் என்றாலும், எழுந்துபோய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஆபீஸிலும் அதே குணம்தான். கோப்பை எழுதச் சொன்னால், கணினி அதை நினைவகத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும். டிஸ்க்கில் எழுதுவது அப்புறம், சாவகாசமாக. நடுவில் கரண்ட் போனால் கோவிந்தா! அதனால் மௌலி, கணினியின் அடிமடியான கெர்னலுக்குள்ளேயே கைவைத்து, இந்த இடைத்தங்கல் இல்லாமல் நேரே டிஸ்க்கில் எழுதும் நிரலைச் செய்தார். சோதிக்கும் முறையும் அவருடையதே: ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

2003இல் அவருக்கும் தேஜஸுக்கும் போட்டி வந்தது. தேஜஸ் பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன் நிரல் பழைய வழியில்தான் எழுதும், ஆனால் படுவேகம். ஜெயிக்கும் நிரல் வாடிக்கையாளருக்குப் போகும், தோற்றவர் அதற்கு மேனுவல் எழுதப் போக வேண்டும் என்றார் மேலாளர் மகாதேவன். மௌலிக்கு லீவு லெட்டர் எழுதவே நாக்குத் தள்ளும்.

தேஜஸின் கோப்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மௌலியுடையது ஊர்ந்துகொண்டிருந்தது.

"அரே மௌலி அண்ணா, நான் கீழ போய் வடாபாவ் சாப்ட்டு வரட்டா?"

தன்னுடையது முடிந்த நொடியில் மௌலி இரண்டு கணினியின் பிளக்கையும் பிடுங்கினார். மறுபடி கிளப்பிப் பார்த்தால், தேஜஸின் கோப்பு காலி. மௌலி மீசையை முறுக்கிக்கொண்டே தன் கோப்பைத் திறந்தார். வாலைக் காணோம், கடைசிச் சில வரிகள் இல்லை!

"க்யா அண்ணா, நேரே எழுதினது நேரே போயிடுச்சா?" தேஜஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ரெண்டு பேருமே மேனுவல் எழுதுங்கோ" என்றார் மகாதேவன்.

"இருங்க சார், டிஸ்க்கு பொய் சொல்லுதுங்க!" என்றார் மௌலி.

உண்மைதான். டிஸ்க்குக்குள்ளேயும் குட்டியாக ஒரு நினைவகம் உண்டு. வால் அதிலேயே தங்கிவிட்டது. ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன் டிஸ்க்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார்! வெட்கம் பிடுங்கித் தின்றது. சாப்பிடக்கூடப் போகாமல், டிஸ்க் தன் கையிருப்பையும் எழுதி முடித்த பிறகே 'எழுதியாச்சு' என்று வாய் திறக்கும்படி நிரலை மாற்றினார். மறுபடி பிளக்கைப் பிடுங்கினார். கோப்பு வாலோடு முழுசாக இருந்தது.

மேனுவல் தேஜஸ் தலையில் விழுந்தது. அவன் சும்மா எழுதுவானா? முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டான்: 'எச்சரிக்கை: சந்திரமௌலியைப் பிளக் பக்கம் வைக்கக் கூடாது.' மௌலி குதித்தார். மகாதேவன் சிரித்துவிட்டு, அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

நிரலும் மேனுவலும் வைத்த முதல் பெட்டி போய்ச் சேர்ந்ததும் நாசிக்கிலிருந்து வாடிக்கையாளர் போன் செய்தார். எடுத்தது மௌலி.

"சார், எல்லாம் வந்துவிட்டது. சந்திரமௌலி மட்டும் பெட்டியில் இல்லையே, தனியாக அனுப்புவீர்களா?"