தொண்ணூற்றொரு கிலோ சீனியும் ஒரு சைக்கிளும்

எனக்கு ஏழு வயதில் கடுங்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை எழும்பி நடந்தால் அவளுடைய எடைக்கு எடை சீனி தருகிறேன் என்று அம்மா அம்மனிடம் நேர்ந்துவிட்டார். கோயில் தராசில் ஒரு தட்டில் நான், மறு தட்டில் சீனி. அப்போது என் எடை பத்தொன்பது கிலோ. அடுத்த வாரமே எழும்பி நடந்தேன். அம்மன் தன் வேலையை முடித்துவிட்டாள். தாமதம் எங்கள் பக்கம்தான். முதலில் சண்டை வந்தது, பிறகு கொழும்பு, பிறகு விசா, பிறகு லண்டன், பிறகு அம்மாவின் இரட்டை ஷிப்ட். நேர்த்தி மறுபடி நினைவுக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் குளியலறைத் தராசில் ஏறி நின்றேன். முள் தொண்ணூற்றொன்றில் போய் நின்றது.

அம்மா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"அப்பவே செய்திருந்தால் ஒரு சின்னச் சாக்கோட முடிஞ்சிருக்கும்," என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட் முடிந்து வரும்போதும் அம்மாவின் கையில் ஒரு கிலோச் சீனிப் பக்கற்றுகள் இரண்டு வந்தன. மாடிப்படிக்குக் கீழே, குடைகளையும் சப்பாத்துகளையும் வெளியேற்றிவிட்டு, சீனி அடுக்காக நான் வளர்ந்தேன். முதலில் என் முழங்கால் வந்தது. ஒரு மாதத்தில் இடுப்பு. விருந்தாளிகள் வந்தால் அம்மா கதவைத் திறந்து காட்டுவார்: "உதுதான் பிள்ளை. கழுத்துவரை வந்திட்டாள்."

அதே கோடையில்தான் நான் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். தபால்காரர்கள் ஓடுகிற மாதிரிக் கனத்த சைக்கிள், முன்னால் கூடை, பின்னால் கரியர். அம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "ஊரிலதான் எல்லாரும் சைக்கிள் ஓடினம். இஞ்ச வந்தும் சைக்கிளே? சனம் என்ன நினைக்கும்?" சனம் நினைப்பதற்கு முன் சைக்கிளே தன் கருத்தைச் சொல்லிவிட்டது. நான் ஏறிய மூன்றாம் நாள், டூட்டிங் சந்தியில், பின் சில்லிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். சில்லின் ஆரக் கம்பியொன்று முறிந்துவிட்டது. அடுத்த வாரம் டிங், டிங். இரண்டு.

சைக்கிள் திருத்துகிற கடையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். மூன்றாம் தடவை போனபோது நான் உள்ளே நுழையும் முன்பே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்: நான் கொஞ்சம் குண்டு, மெலிந்துவிடுவேன், உடனே மெலிந்துவிடுவேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்கவில்லை. உனக்கு ஒரு குறையுமில்லை, சில்லுக்குத்தான் கம்பி காணாது என்றார். இரண்டு பேர் சேர்ந்து ஓடுகிற நீளச் சைக்கிளுக்குப் போடும் நாற்பது கம்பிச் சில்லொன்றைக் கட்டித் தந்தார். அகலமான இருக்கை ஒன்றும் போட்டார். காற்றை மட்டும் கல்லுப் போல அடித்து வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு டிங் கூட இல்லை. சட்டப்படி நான் இரண்டு பேர் என்று யாரோ முத்திரை குத்தித் தந்த மாதிரி எனக்கு ஒரே பெருமை.

அதோடு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்லூரிக்குச் சைக்கிள், நூலகத்துக்குச் சைக்கிள், தெரு முனையில் பால் வாங்கவும் சைக்கிள். சனிக்கிழமைகளில் விம்பிள்டன் மேட்டில் ஏறுவேன். ஏறுவது என்றால், என்னை ஒரு நாய் முந்தும். நாயைப் பிடித்திருக்கும் கிழவி முந்துவார். இறுக்கமான பளபளப்புக் காற்சட்டை போட்ட ஒல்லிப்பிச்சான்கள் மூன்று பேர் 'முயற்சி செய், முயற்சி செய்' என்று இரக்கத்தோடு சொல்லிக்கொண்டு முந்துவார்கள். சொல்லட்டும். மேலே போய்த் திரும்பினால் உலகம் என் பக்கம். தொண்ணூற்றுச் சொச்சம் கிலோ இறக்கத்தில் உருளத் தொடங்கினால் அதை மறிக்க இங்கிலாந்தில் ஆளில்லை. மிதிக்கவும் தேவையில்லை. சும்மா குந்தியிருந்தபடியே அதே மூன்று ஒல்லிப்பிச்சான்களையும் தாண்டிப் போவேன். காதுக்குள் காற்று ஊளையிடும். 'முயற்சி செய்யுங்கோ' என்று தமிழில் கத்திவிட்டுப் போவேன்.

பிரச்சினை என்னவென்றால், வீட்டுக்கு வந்ததும் பசிக்கும். அது சாதாரணப் பசியில்லை. பத்து இடியப்பம் தின்ற இடத்தில் பதினெட்டுத் தின்றேன். சைக்கிள் ஓடினால் மெலியலாம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கு அம்மா சொதி வைத்துக் கொடுத்ததில்லை.

நேர்த்திக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா தொண்ணூற்றோராவது பக்கற்றை அடுக்கிக் கையைத் தட்டிக்கொண்டார். பிறகு என்னைத் தராசில் ஏற்றினார். தொண்ணூற்றாறு.

"எடியே! நான் சீனியை நிப்பாட்டிப்போட்டன், நீ நிப்பாட்டேல்லையே?"

"அது தசை அம்மா. சைக்கிள் ஓடினால் தசை வைக்கும்."

"தசையோ வடையோ, எனக்குத் தெரியாது. அம்மாளுக்கு முன்னால என்ர தட்டு மேல போய்த் தொங்கிச்சுதெண்டால் நான் எந்த முகத்தோட நிக்கிறது? கேட்டுக்கொள். அண்டைக்கு இந்தச் சீனி போதாமல் போச்சுதெண்டால், உன்ர சைக்கிள் மாமா வீட்டை போகும். விளங்குதே?"

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, லண்டனின் மறுகோடியில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தார். அவருடைய மகன் ஊதினால் பறக்கிற ஆள். அவனுக்கு நாற்பது கம்பி எதற்கு?

ஆனால் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ, இதென்ன பெரிய விசயம்? மூன்று நாள் இலைகுழை தின்றேன். நான்காம் நாள் இலைகுழை தின்ற கவலையை மறக்க மேட்டுக்குப் போய் இறங்கி வந்தேன். வந்து பதினெட்டு இடியப்பம். சைக்கிளைத் தொடாமல் இருந்திருந்தால் சைக்கிள் தப்பியிருக்கும். அதுதான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவின் வான் வண்டியில் தொண்ணூற்றொரு கிலோ சீனியும், இங்கத்தைய அம்மன் கோயிலில் தராசு இல்லாததால் அவரே இரும்புக் குழாயில் செய்த தராசும், அம்மாவும் ஏறியதும் எனக்கு இடமில்லை. சேலையைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளிலேயே கோயிலுக்குப் போனேன். பின்னறையில் சேலை மாற்றி, பூ வைத்து, கற்பூரம் காட்டி முடிய நாலு மணியாகிவிட்டது. நாலரைக்கு இராகுகாலம்.

நான் தராசுத் தட்டின் பலகையில் குந்தினேன். தட்டு 'தடார்' என்று நிலத்தில் இருந்தது. எதிர்த் தட்டு மேலே துள்ளி, மாமாவின் மூக்குக்கு நேரே போய்த் தொங்கியது. ஒரு பக்கற் விழுந்து வெடித்தது. குழந்தைகள் பாய்ந்து விழுந்து நக்கினார்கள்.

அம்மா அம்மனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேரே மாமாவைப் பார்த்தார்.

"தராசு பிழை அக்கா," என்றார் மாமா அவசரமாக.

"தராசு சரி. சீனிதான் காணாது. கெதியா வானை எடு, தம்பி. பத்துக் கிலோ வாங்கிக்கொண்டு வா."

மாமா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். முதலில் வந்த வான் உள்ளே நின்றது. அதை மறித்து எட்டுக் கார்கள். எட்டுக் காரின் சொந்தக்காரர்களும் அருச்சனை வரிசையில், கையில் தட்டோடு, அசைய மாட்டோம் என்ற முகத்தோடு நின்றார்கள்.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அம்மா, இன்னும் இருபத்தஞ்சு நிமிசம்தான் இருக்கு."

நான் பலகையிலிருந்து இறங்கினேன். "நான் போறன்."

"நீயோ? தராசில இருக்கவேண்டிய ஆளே நீதானே!" என்றார் அம்மா.

அதற்குள் நான் வாசலில். சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகி, முந்தானையை இடுப்பில் சுற்றிக் கட்டி, ஏறி மிதித்தேன். நல்லகாலம், கடை இறக்கத்தில் இருந்தது. பட்டுச்சேலையும் மல்லிகையுமாக நான் இறங்கிய வேகத்தில் ஒரு பஸ் எனக்காக ஒதுங்கியது. கடைக்காரர் தமிழர். அவரிடம் எட்டுப் பக்கற் சீனிதான் இருந்தது. "கற்கண்டு இரண்டு கிலோ இருக்கு. அதுகும் சீனிதானே பிள்ளை," என்றார். அவர் எடுத்து வைக்கும்வரை மூச்சு வாங்கியதால் இரண்டு வடை தின்றேன்.

ஏற்றம்தான் கொடுமை. கூடையில் ஐந்து கிலோ, கரியரில் ஐந்து கிலோ, நடுவில் நான். இறக்கத்தில் ஒதுங்கிய பஸ்ஸோ அதன் தம்பியோ இப்போது என் பின்னால் நடை வேகத்தில் வந்தது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை. பயணிகள் எழும்பி நின்று பார்த்தார்கள். அந்தச் சில்லு முனகியது, ஆனால் ஒரு கம்பி போகவில்லை. கோயில் வாசலில் மாமா நின்று, "மிதி மருமோள், மிதி!" என்று கத்தினார்.

மணி நாலு இருபத்திரண்டு. பலகையில் விழுந்தேன். எட்டுப் பக்கற்றையும் வைத்தார்கள். தட்டு எழும்பியது, ஆனால் நான் இன்னும் ஒரு சாண் கீழே.

அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "வாயில என்ன?"

"வடை."

"இப்பவே?"

"இரண்டே இரண்டு."

"கற்கண்டை வை தம்பி," என்றார் அம்மா பல்லைக் கடித்தபடி.

கற்கண்டு வைத்ததும் நான் மெதுவாக, மிக மெதுவாக, நிலத்தை விட்டு எழும்பினேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு நேர்த்தி நிறைவேறியது. ஐயர் தீபம் காட்டினார். அம்மா அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், ஆனால் சைக்கிளுக்காக. ஏனென்றால் கணக்குத் தெளிவு: வீட்டிலிருந்து வந்த சீனி போதவில்லை.

மாமா வெளியே வந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அக்கா, இதை வானுக்குள்ள ஏத்தட்டே?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எட்டுக் கார்களையும் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"போக வர எவ்வளவு நேரம் எடுத்தனி?" என்று என்னைக் கேட்டார்.

"பதினைஞ்சு நிமிசம். வடையோட."

அம்மா சைக்கிளின் கூடையை ஒருதரம் தட்டிப் பார்த்தார். பிறகு மாமாவிடம், "விடு தம்பி. உன்ர மகன்ர எலும்புக்கு உது பாரம்," என்றார். என் பக்கம் திரும்பினார். "ஆனால் இனி நான் உனக்கு ஒண்டும் எடைக்கு எடை நேர மாட்டன். நேர்ந்தால் தேங்காய்தான். எண்ணி உடைக்கலாம்."

"சரி அம்மா."

"நிண்டு பல்லைக் காட்டாதை. அன்னதானத்துக்கு வாழையிலை காணாதாம். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா. வடைப் பக்கம் போகாதை."

சேலையை மறுபடி இழுத்துச் செருகினேன். இறக்கம் எனக்காகக் காத்திருந்தது.