ஜரிகை போட்ட பதக்க நாடா

எழுபதுகளில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைத் தேடிப் போய், அவர்களுடைய பதக்கங்களைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பேன். காஞ்சிபுரத்தில் கடல் ஏது என்று சிரிப்பார்கள். கடல் இல்லாவிட்டால் என்ன, கடலுக்குப் போனவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தார்களே!

தென்னேரியில் அப்படி ஒருவர் இருந்தார். பதக்கத்தைத் தொட்டுப் பார்க்க விட்டார், தரமாட்டேன் என்றார். அது தொங்கும் நீலமும் வெள்ளையுமான பட்டு நாடா நைந்து கிழிந்திருந்தது.

"பொண்ணுக்குக் கல்யாணம் வருதுபா. இத மட்டும் சரி பண்ணிக் குடு, மாட்டிக்கினு நிக்கணும்" என்றார்.

எங்கள் தெருவில் தறி நெய்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, அதே நீலம், அதே வெள்ளையில் அச்சு அசலாக நெய்யச் சொன்னேன். நெய்தார், இரண்டு ஓரத்திலும் தங்க ஜரிகை வைத்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கடற்படை நாடாவுல ஜரிகையாக்கா?"

"கல்யாணத்துக்குன்னு நீதானபா சொன்ன? ஜரிகை இல்லாம எப்டி குடுக்கறது?"

கல்யாணத்தன்று பயந்துகொண்டே நாடாவை நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய நாடாவிலிருந்து பதக்கத்தைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"மெடலு கப்பல்ல இருந்த எல்லாருக்கும் குடுத்தாங்க. நீயே வச்சிக்கோ. இந்த நாடா எனக்குன்னே நெய்ஞ்சது."

வெறும் நாடாவைச் சட்டையில் குத்திக்கொண்டு, பந்தியில் இலை இலையாக நின்று காட்டினார். பதக்கம் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.