மதலேனாள் கேட்ட ஒரு படி அரிசி

சுருளிப்பட்டிப் பாதையில் அந்தக் காலத்தில் ஒரு தர்மக் கஞ்சிக்கொட்டகை இருந்தது. மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களுக்கும், காய்ச்சலோடு இறங்கி வருகிறவர்களுக்கும் தினம் ஒருவேளைக் கஞ்சி. ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் அதற்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவார்கள். சம்பா, சிவப்பரிசி, இல்லாத வீட்டில் சாமை என்று எல்லாம் கலந்துதான் கொட்டகை மூட்டை நிறையும்.

அங்கே எட்டு வருஷம் கஞ்சி காய்ச்சியவள் மதலேனாள். புருஷன் செத்த வருஷம், நிர்வாகம் பார்த்த மரிய ஜோசப்பிடம் வெட்கத்தை விட்டு, தினம் ஒரு படி அரிசி கூலியாகக் கேட்டாள்.

“இது ஆண்டவர் வேலை தங்கச்சி. இங்கன யாரும் கூலி வாங்குறதில்ல. நானே வாங்கலையே” என்றார் அவர்.

கேட்டதே பாவம் என்று பட்டது அவளுக்கு. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் வேறு போய்ச் சொன்னாள், பைத்தியக்காரி. வீட்டில் அடுப்பு எரியாததால் பதிமூன்று வயது மகள் இன்னாசியம்மாள் ஏலக்காய் பறிக்க மலையேறினாள். காய்ச்சல் கண்டு அங்கேயே செத்துப்போனாள். அப்போதும் தாய் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

மரிய ஜோசப் வீட்டுக் கல்யாணம் வந்தது. சமைக்கப் போன மதலேனாள் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். சிவப்பும் வெள்ளையும் சாமையும் கலந்து வந்தது. எந்த வயலில் அப்படி விளையும்?

“அண்ணே, இது கொட்டகை அரிசியில்ல?”

அவர் பதறவில்லை. “திருடல தங்கச்சி. மாசம் ரெண்டு மூட்டை எனக்குச் சம்பளம்னு பெரியவுக பேசி முடிச்சாக, மொத வருசத்துலயே. எனக்கும் வயிறு இருக்குல்ல?”

“இருக்கட்டும், வாங்கிக்கங்க. அன்னைக்கு எங்கிட்ட ஏன் வாங்கலைன்னு சொன்னீக?”

“ஆளாளுக்குக் கேட்டா கஞ்சிக்கு என்ன மிஞ்சும்?”

திருடியிருந்தால்கூடத் தேவலை. ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அடுப்படியில் வெந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாளும் கொட்டகைக்குப் போனாள். வரிசையில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? எல்லோருக்கும் ஊற்றி முடித்தபின், மூட்டையை அவிழ்த்து ஒரு படி அளந்து முந்தானையில் முடிந்தாள்.

“இது என் கூலி. எழுதிக்கங்க அண்ணே” என்றாள், அத்தனை பேரும் கேட்க.

வீட்டில் உலை வைத்தாள். பழக்கத்தில் கை ஒரு பிடியைத் தனியே எடுத்தது. கலயத்தில் போடாமல் அதையும் உலையிலேயே போட்டாள். சோறு பானை நிறைய வெந்தது. சாப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.