ஆளை விட்டுவிட்டுப் பறந்த ஆம்புலன்ஸ்

எங்கள் குன்னத்துகால் ஆம்புலன்சில் சம்பளக்காரர் டிரைவர் தங்கையன் அண்ணன் மட்டும்தான். மற்றவர்கள் என்னைப் போல முறைவைத்து வரும் தொண்டர்கள்.

பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்டால் போதும், அண்ணன் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிடுவார்.

இன்று என் முறை. பிரசவ வலியோடு சுசீலா அக்கா வாசலில் நின்றார். அவர் கணவர் வில்சன் பையோடு முன்சீட்டில் ஏறிவிட்டார். நான் பின்னால் ஏறி, தூசி போகப் படுக்கையில் இரண்டு தட்டு தட்டினேன்.

வண்டி பறந்தது. சைரன் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அமரவிளை செக்போஸ்டில் வண்டி நின்றபோது காவலர் எட்டிப் பார்த்தார். "பேஷண்ட் எங்க?"

அண்ணன் அப்போதுதான் திரும்பினார். "எலே, சுசீலா எங்கலே?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு ஜீப்பில் அக்கா எங்களைக் கடந்து போனார். சைரன் போட்டுக்கொண்டே ஜீப்புக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பயந்துகொண்டே பார்க்கப் போனேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு வலி கொறஞ்சாச்சா மக்கா?" என்று அக்கா கேட்டார். "அவரையாக்கும் நீங்க முதல்ல கொண்டுபோனது."

நாளையும் என் முறைதான். வண்டி வேண்டியவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். ஏறிவிட்டீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள்.