பம்புக்கு அடியில் மூன்றாவது தகடு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என் பட்டறைக்கு வாருங்கள், சுவரில் விழுந்த ஓட்டையைக் காட்டுகிறேன். கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அதுவும் இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது.

என் அக்கா புருஷன், அதாவது மாமா, சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார். பழசு. ஒரே சிலிண்டர். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி. காசு கொடுத்து வாங்கியதைக்கூடவா பார்க்காமல் வருவது?

"டைமிங் மட்டும் வச்சா போதும்னு சொன்னாங்க மாப்ளே. உனக்குக் கண்ணை மூடிட்டுச் செய்யிற வேலைதானே?" என்றார். என்னை விட்டுவிட்டு ஏர்க் கொழு வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

அடுத்தது அக்காவின் போன்.

"டேய், நெல்லு முளை விட்டுருச்சுடா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள உழுதாத்தான் விதைக்க முடியும். விட்டா அழுகிடும். வேற விதையும் கையில இல்ல."

"போனை வைக்கா. பேசிக்கிட்டே இருந்தா எப்படி வேலை பாக்கறது?"

ஒரு வருஷச் சாப்பாடு அக்காவின் விதைக் கோணிக்குள் முளைவிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அதுதான் காரணம்.

வேலை இவ்வளவுதான். பிஸ்டன் மேலே ஏறி முடிவதற்குச் சற்று முன் பம்ப் டீசலைப் பீச்ச வேண்டும். பிந்தினால் வெள்ளைப் புகைதான் வரும். ரொம்ப முந்தினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடி சுற்றுகிறவன் எலும்பு நொறுங்கும். இதைச் சரிசெய்யப் பம்புக்கு அடியில் தகடு வைப்போம். தகடு கூடினால் பிந்தும், குறைந்தால் முந்தும். எஞ்சின் பக்கவாட்டில் சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் ஒரு கோடு வெட்டியிருக்கும். சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்ப, பம்ப் வாயில் டீசல் அசைகிற நொடியில் அந்தக் கோடு குறிமுள்ளுக்கு நேரே நிற்க வேண்டும்.

இரண்டு இரும்புத் தகடு வைத்தேன். கோடு நேரே நின்றது. போல்ட்டை இறுக்கினேன். இறுக்கிய பிறகு இன்னொரு முறை பார்ப்பது என் வழக்கம். திருப்பினேன்.

கோடு முள்ளைத் தாண்டி இரண்டு விரல்கடை போன பிறகுதான் டீசல் அசைந்தது.

சனியனே என்று திட்டிக்கொண்டே பம்பைக் கழற்றினேன். அடியில் மூன்று தகடு இருந்தது. மூன்றாவது பித்தளை. தடியாக, கத்தரிக்கோலால் வெட்டி அரத்தால் ராவியது. என் பட்டறையில் பித்தளைத் தகடே கிடையாது. பழைய பிசினோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக் கழிவு டப்பாவில் போட்டேன்.

மறுபடி மாட்டினேன். கோடு நேரே நின்றது. இறுக்கினேன்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம்.

"ப்ச்..."

வேலை தெரிந்தவன், தப்பாகச் செய்கிறவனைப் பார்த்துச் சலித்துக்கொள்கிற சத்தம். மாமாதான் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"வாய மூடிட்டு உக்காருங்க மாமா."

திரும்பினேன். யாரும் இல்லை. வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் இரண்டு விரல்கடை பிந்தியது. கழற்றினேன். அதே பித்தளைத் தகடு. அதே அரத் தடம். கழிவு டப்பாவைக் கவிழ்த்தேன். அதற்குள் அது இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எவனோ என்னோடு விளையாடுகிறான் என்று பட்டறையைச் சுற்றி வந்தேன், பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. தகட்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

மூன்றாவது முறை. போல்ட்டை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தேன். சக்கரத்தை நான் தொடவில்லை.

பம்ப் வாயில் டீசல் அசைந்தது.

உற்றுப் பார்த்தேன். நடுங்கியது... நின்றது... மறுபடி நடுங்கியது.

"ப்ச்... ப்ச்..."

இந்த முறை காதுக்குப் பக்கத்தில்.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. "என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்திருந்தது. "இதோ கிளப்பறேன்க்கா" என்றேன். எவன் வந்தாலும் வரட்டும், எமனே வந்தாலும் இந்த வண்டியைக் கிளப்பாமல் விடுவதில்லை என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. பையைத் தொட்டுப் பார்த்தேன். தகடு உள்ளேதான் இருந்தது. கோட்டைப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் நேரே இருந்தது. குழாயை மாட்டினேன்.

கைப்பிடியைச் செருகினேன். கோபத்தில் முழுக்கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. எதிருதை வந்தால் முறிந்துவிடும். தெரிந்தும் பிடித்தேன்.

ஒரு சுற்று.

இரண்டு சுற்று.

எஞ்சின் மூச்சுப் பிடித்தது.

யாரோ என் கட்டைவிரலைப் பிரித்தார்கள்.

காய்த்துப்போன, சூடான விரல்கள்... என் விரலை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து எடுத்தன.

அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன்.

டமார்!

எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. கைப்பிடி என் நெற்றி இருந்த இடத்தைக் கடந்து பறந்தது. சுவரில் செங்கல் சிதறியது.

தரையில் உட்கார்ந்து என் விரல்களை எண்ணினேன். எல்லாம் இருந்தன. அழுகை வந்தது, சொல்ல வெட்கம் என்ன.

அப்புறம்தான் புத்தி வந்தது. கோட்டை நம்பாமல், டீசலைப் பீச்சுகிற நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருகிற இடத்தை அளந்தேன். பிஸ்டன் ஓரிடம், கோடு ஓரிடம். ஃப்ளைவீல் கோடே பொய். அதை நம்பி வைத்த டைமிங் எல்லாம் எமகண்டம்தான்.

பையிலிருந்து பித்தளைத் தகட்டை எடுத்துப் பம்புக்கு அடியில் வைத்தேன். கச்சிதமாக இருந்தது. இதற்கென்றே அளந்து வெட்டியது மாதிரி.

கைப்பிடியைச் சுவரிலிருந்து பிடுங்கி நிமிர்த்தினேன். விரல்களை ஒரே பக்கம் வைத்துச் சுற்றினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. தட தடவென்று, புகையே இல்லாமல். மணி ஒன்று ஐம்பது.

மாமா வந்தார். "பார்த்தியா, கண்ணை மூடிட்டுச் செய்யிற வேலைன்னு சொன்னேன்ல?" என்றார். அவரை அடிக்காமல் விட்டது அக்காவுக்காகத்தான். சாயங்காலம் உழுது முடித்து, அக்கா தன் கையாலேயே விதைத்தாள்.

மறுநாள் காலையில் வண்டியை விற்றவருக்குப் போன் போட்டேன். நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான்.

"என்னய்யா மனுஷன் நீ? வேற எஞ்சின் ஃப்ளைவீலை மாட்டி வித்திருக்கே. நேத்து என் மண்டை போயிருக்கும்!"

அவர் சொன்னார்.

"எங்க வண்டி பாக்கற மிஸ்திரி அப்பவே சொன்னாருங்க, கோடு தப்புன்னு. அதைச் சரிபண்ணப் பித்தளையில தகடு வெட்டிட்டே இருந்தார். நான்தான் அவசரப்பட்டு, ஒரு சுத்து சுத்திப் பாருங்கன்னேன். கைப்பிடி நெத்தியில அடிச்சிருச்சு."

என் குரல் இறங்கிவிட்டது. "செத்துட்டாரா?"

"அன்னிக்குச் சாகலைங்க. ஆறு மாசமா நினைவில்லாம ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் கிடந்தார். வலது கை மட்டும் ஓயவே ஓயாது. போல்ட்டு முடுக்கற மாதிரி ராத்திரி பகலா திருகிக்கிட்டே இருக்கும். கட்டிப் போட்டாலும் நிக்காது. நேத்து மத்தியானம் தானா நின்னுச்சு. ரெண்டு மணிக்கு மூச்சும் அடங்கிடுச்சு. இப்பதான் உடம்பை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தோம்."

போனை வைத்துவிட்டு என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

நேற்றுக் காலையிலிருந்து என் பின்னால் நின்று சலித்துக்கொண்டவர், என் விரலைப் பிரித்தவர்... அப்போதெல்லாம் அவர் சாகவே இல்லை.