அக்கி எழுதிய கையும் ஊதாப் புள்ளிகளும்

கொரோனாத் தடுப்பூசி போட ஆரம்பித்த வருடம், இலங்கை மலையகத்தில், ராகலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் எனக்கு வேலை. ஊசிக்குப் பயந்து ஒதுங்கியவர்களிடம் வாய் வலிக்கப் பேசி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நானும் ஊசி போட்டுக்கொண்ட எட்டாம் நாள் காலையில், போட்ட இடத்துக்குக் கீழே என் கை சிவந்து தடித்து, உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. தொட்டால் சூடு, ஒரே அரிப்பு. ஊசி போட்ட அன்றைக்கே வந்திருந்தால் ஊசியால்தான் என்று நினைத்திருப்பேன். ஒரு வாரம் கழித்து வந்ததால் அக்கி என்றே முடிவு கட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் பேசிய நான், மேல் லயத்தில் அக்கி எழுதுகிறவரிடம் போய், காவியைக் குழைத்துக் கை நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மாலையில் பிள்ளையைத் தூக்க வந்த ஒருத்தி காவியைப் பார்த்துவிட்டாள். "ஊசி போட்டா ஒன்னும் ஆகாதுன்னீங்களேக்கா! இப்ப நீங்களே கையில அக்கி எழுதிக்கிட்டு நிக்கிறீங்க. ரெண்டாவது ஊசிக்கு நாங்க யாரும் வரமாட்டோம், சொல்லிட்டேன்!"

ஊசியால்தானோ என்ற சந்தேகமே அப்போதுதான் வந்தது. இவர்களை எதில் கொண்டுபோய் மாட்டிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

மறுநாள் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். அங்கே தோல் பார்க்கும் டாக்டரம்மா முதலில் காவியைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். எது காவி, எது தோல் என்று தெரியவில்லையாம். கழுவியபின் பார்த்துவிட்டு, சிலருக்கு இப்படி ஒரு வாரம் கழித்து வரும், தானாகப் போய்விடும் என்று சிங்களத்தில் சொன்னார். எதற்கும் உறுதிசெய்துகொள்ள, மரத்துப்போக ஊசி போட்டு, பயறு அளவு தோலைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு தையல் போட்டார்.

தையல் பிரிக்கப் போன அன்று சிவப்பு மறைந்திருந்தது. அவர் நினைத்தபடியேதான் முடிவும் வந்திருந்தது. "எடுத்த தோலை நானும் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ! சிரித்துக்கொண்டே ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அங்கே வேலை செய்த ஹட்டன் ஊர்த் தமிழர் ஒருவர் கண்ணாடித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "இதுதான் ஒங்க கை. குனிஞ்சு பாருங்கக்கா."

ரோஸ் நிறத் தரை. அதில் மெல்லிய குழாய்கள். ஒவ்வொரு குழாயையும் சுற்றி ஊதாப் புள்ளிகள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடி நிற்கும் ஆட்களைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"இதெல்லாம் கிருமியாங்க?"

"இல்லக்கா. ஒங்க ரத்தத்துல உள்ள காவல் செல்லுங்க. ஊசி மருந்த அடையாளம் கண்டுக்கிட்டு கூட்டமா வந்திருக்கு. சில பேருக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்."

கண்ணை எடுக்க மனமே வரவில்லை. என் கைக்குள் இத்தனை பேர் வேலை செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவே இல்லை!

அடுத்த ஊசியும் போடலாம், மறுபடி சிவக்கலாம் என்றார் டாக்டரம்மா. லயத்தில் அதை அப்படியே சொன்னேன். அக்கி எழுதியது என் முட்டாள்தனம் என்பதையும், கண்ணால் கண்டதையும் சேர்த்துத்தான். இரண்டாவது ஊசியன்று கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். திரும்பிப் பார்த்தால், என்னைத் திட்டியவள்தான் எனக்கு அடுத்து நின்றாள். மூன்றாம் நாள் கை மறுபடி சிவந்தது. பிள்ளைக் காம்பராவுக்கு வந்த ஒவ்வொருத்தியும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னாலே ஆட்கள் நம்பி வருவார்கள் என்ற நிம்மதி, அந்த வரிசையில் திரும்பிப் பார்த்த நொடியில் எனக்குக் கிடைத்து இன்றுவரை கூடவே இருக்கிறது.